ஏட்டுச் சுரைக்காய் ஆகும் ஆலை வரைபடங்கள்

பிரிட்டனில் பிளிக்ஸ்பரோ என்னும் ஊரில், நைலான் தயாரிப்பதற்கான மூலப்பொருளை உற்பத்தி செய்துவந்த ஆலை 1974-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி வெடித்துச் சிதறியது. 28 பேர் உயிரிழந்தனர். அன்று சனிக்கிழமை என்பதால் அலுவலகக் கட்டடத்தில் ஆள்கள் இல்லை. வேலை நாளாக இருந்திருந்தால் உயிரிழப்பு பன்மடங்காகியிருக்கும். அந்த ஆலையில் வரிசையாக அமைந்திருந்த ஆறு வினைக்கலன்களில் ஐந்தாவதில் விரிசல் காணப்பட்டது. அதை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்து உற்பத்தியைத் தொடர்ந்தார்கள். 28 அங்குல வாய்களுக்கு இடையே 20 அங்குலக் குழாய் பொருத்தப்பட்டது. அந்தக் குழாய்க்கென இருந்த ஒரே வரைபடம், பட்டறையின் தரையில் சுண்ணக்கட்டியால் வரையப்பட்டது என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது.

அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நம் நாட்டுத் தொழில் துறை மாநாடுகளில் இன்று 'நான்காம் தொழிற்புரட்சி', 'செயற்கை நுண்ணறிவு', ஆலையின் 'எண்ம இரட்டை' ஆகியன பற்றிய பேச்சே மேலோங்கி நிற்கிறது. வரவேற்க வேண்டிய பேச்சுதான். ஆனால், அதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய எளிய கேள்வி ஒன்று உண்டு. ஆலையின் அலமாரியில் உள்ள வரைபடமும், வெளியே வெயிலிலும் மழையிலும் நிற்கும் ஆலையும் ஒன்றுதானா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆலை வரைபடத்தைப் பொருத்தவரை அது உதவாமல் போவதோடு நிற்பதில்லை. நம்பியவர்களின் உயிரையும் வாங்கிவிடுகிறது.

வரைபடமும் களமும்

வேதிப்பொருள் ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல் மின் நிலையம் எதுவானாலும் அதன் இயக்கத்துக்கு அடிப்படையான ஆவணம் 'குழாய்-கருவி வரைபடம்'. எந்தத் தொட்டியிலிருந்து எந்தக் குழாய் புறப்பட்டு எங்கே செல்கிறது, அதன் விட்டம் என்ன, எந்த இடங்களில் வால்வுகள் உள்ளன, வெப்பநிலையும் அழுத்தமும் எங்கே அளக்கப்படுகின்றன, அழுத்தம் எல்லை மீறினால் எந்த வால்வு தானாகத் திறந்து வாயுவை எங்கே அனுப்பும் என்பன போன்ற செய்திகள் அதில் குறியீடுகளாக இடம்பெற்றிருக்கும். பராமரிப்புப் பணிக்காக ஒரு பகுதியைத் தனிமைப்படுத்த வேண்டுமா, தீப்பற்றிய நேரத்தில் எரிபொருள் வரத்தை அடைக்க வேண்டுமா, புதிதாக ஒரு குழாயை இணைத்தால் என்ன நேரும் என்று ஆராய வேண்டுமா, எல்லாவற்றுக்கும் பொறியாளர்கள் விரிப்பது அந்தத் தாளைத்தான்.

ஆலை இயங்கத் தொடங்கும் நாளில் வரைபடமும் களமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். பிறகு ஒவ்வோர் ஆண்டும் பராமரிப்புக்காக ஆலை நிறுத்தப்படும்போது ஏதாவது ஒன்று மாறுகிறது. கிடைக்காத வால்வுக்குப் பதிலாக வேறு வகை வால்வு வருகிறது. அடைத்துக்கொண்ட குழாயைச் சுற்றிக்கொண்டு ஒரு மாற்றுக் குழாய் போடப்படுகிறது. பழுதான வெப்பமானி கழற்றப்பட்டு, அந்த இடம் மூடப்படுகிறது. பொறுப்புள்ள பொறியாளர் ஒருவர் அந்த மாற்றத்தை வரைபடத்தின் ஒரு படியில் சிவப்பு மையால் குறித்துவைப்பார். அந்தப் படி அவருடைய மேசை இழுப்பறையில் தங்கிவிடும். மூலப்படி அப்படியே இருக்கும். அவர் ஓய்வு பெறும்போது இழுப்பறை காலியாகிறது.

நம் கிராமங்களில் பலரும் பட்டறிந்த ஒன்றோடு இதை ஒப்பிடலாம். அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பாகம் பிரித்து, வரப்பும் போட்டு, தலைமுறை தலைமுறையாக உழுதுவருவார்கள். ஆனால், உட்பிரிவு செய்து புல வரைபடத்தில் ஏற்றியிருக்க மாட்டார்கள். விற்கவோ கடன் வாங்கவோ போகும் நாளில்தான், ஏட்டில் இருக்கும் நிலம் வேறு, காலடியில் இருக்கும் நிலம் வேறு என்பது தெரியவரும். நில விவகாரத்தில் இதன் விலை வழக்கும் மனக்கசப்பும். ஆலையில் இதன் விலை வேறு.

மூன்று ஊர்கள், ஒரே பாடம்

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் நடந்ததை நாடு மறந்துவிடவில்லை. அந்த ஆலையின் வடிவமைப்பில் பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. கசியும் நச்சு வாயுவை எரித்து அழிக்க ஓர் எரிகோபுரம் இருந்தது. ஆனால், அந்தக் கோபுரத்துக்குச் செல்லும் குழாயின் ஒரு பகுதி மாற்றுவதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்போ பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வரைபடத்தில் கோபுரம் இருந்தது. களத்தில் வாயு அங்கே போய்ச்சேர வழி இல்லை.

2020 மே 7-ஆம் தேதி விடியற்காலை விசாகப்பட்டினத்தின் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் உயிரிழந்தனர். ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு சுட்டிக்காட்டிய குறைகள் பல. அவற்றுள் இரண்டு நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையவை. தொட்டிக்குள் திரவத்தைச் சுழலவிட்டுக் குளிர்விக்கும் குழாய் அமைப்பில் 2019 டிசம்பரில் ஒரு மாற்றம் செய்யப்பட்டிருந்தது. அதனால் குளிர்ச்சி தொட்டி முழுவதும் பரவவில்லை. வெப்பநிலையோ தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே அளக்கப்பட்டது. அடியில் குளிர்ச்சி, மேலே கொதிப்பு. அளவுமானியோ 'எல்லாம் நலம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு மாற்றம் என்ன விளைவைத் தரும் என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆராயாமல் விட்டதும், களத் தரவு முழு உண்மையைச் சொல்கிறதா என்று சரிபார்க்காமல் விட்டதும் அங்கே கைகோத்துக்கொண்டன.

மூன்றாவது, செல்வமும் தொழில்நுட்பமும் மிகுந்த கலிபோர்னியாவில் நடந்தது. சான் புரூனோ நகரில் 2010 செப்டம்பர் 9-ஆம் தேதி நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தனர். 38 வீடுகள் அழிந்தன. 1956-இல் பதிக்கப்பட்ட அந்தக் குழாய்ப் பகுதி, நிறுவனத்தின் கணினிப் பதிவேட்டில் 'இணைப்புத் தையல் இல்லாத குழாய்' என்று பதிவாகியிருந்தது. உண்மையில் அது சிறு துண்டுகளைக் குறைபாடான பற்றவைப்பால் இணைத்து உருவாக்கப்பட்ட குழாய். அதாவது, தரவு கணினியில் இருந்தது. ஆனால் அது பொய்த் தரவு. அதன் பிறகு அந்நிறுவனம் பல்லாண்டுக் காகித ஆவணங்களையெல்லாம் ஒரு பெரிய பொது அரங்கத்தில் கொண்டுவந்து குவித்து, இரவு பகலாகத் தேட வேண்டியிருந்தது. 2015-இல் கலிபோர்னியா ஒழுங்குமுறை ஆணையம் விதித்த தண்டத்தொகை 160 கோடி டாலர்.

காகிதமானாலும் கணினியானாலும் களத்தோடு ஒத்துப்போகாத ஆவணம் ஆபத்தானது என்பதே இம்மூன்று ஊர்களும் கற்றுத்தரும் பாடம்.

சந்தை ஏன் சரிசெய்வதில்லை?

இவ்வளவு தெளிவான ஆபத்தை ஆலை உரிமையாளர்களே முன்வந்து ஏன் சரிசெய்துகொள்வதில்லை என்று கேட்கலாம். இது பொறியியல் கேள்வி மட்டுமன்று, பொருளியல் கேள்வியும்கூட.

முதலாவதாக, வரைபடம் ஒரு மூலதனம். ஆனால், எந்த ஐந்தொகையிலும் அது மூலதனமாக இடம்பெறுவதில்லை. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் இரண்டாவது அட்டவணை, தொடர் இயக்க ஆலைக்கு 25 ஆண்டுகள், கணினிக்கு 3 ஆண்டுகள் என்று ஒவ்வொரு சொத்தின் பயன்தரு ஆயுளையும் கணக்கிட்டுச் சொல்கிறது. ஆலையைப் பற்றிய அறிவுக்கு அப்படி ஓர் ஆயுள் இல்லை. தேய்மானம் கணக்கிடப்படாத சொத்தைப் புதுப்பிக்க எவரும் நிதி ஒதுக்குவதில்லை. இயந்திரம் தேய்ந்தால் சத்தம் போடும். வரைபடம் சத்தமின்றித் தேய்கிறது.

இரண்டாவதாக, செலவு இன்றே கண்ணுக்குத் தெரிகிறது. பயனோ கண்ணுக்குத் தெரியாதது. ஓர் ஆலை முழுவதையும் நடந்து பார்த்து, ஒவ்வொரு வால்வையும் தாளோடு ஒப்பிட மாதக்கணக்கில் திறமையான பொறியாளர்கள் தேவை. அதன் பயன், நடக்காமல் போன ஒரு விபத்து. நடக்காத ஒன்றை எந்த மேலாளரும் தன் சாதனைப் பட்டியலில் காட்ட முடியாது. மூன்றாண்டு, நான்காண்டு பதவிக் காலத்தில் உற்பத்தியை உயர்த்திக் காட்ட வேண்டியவருக்கு இந்தச் செலவு அடுத்தவருக்குத் தள்ளிவிடத் தக்கதாகவே தோன்றும்.

மூன்றாவதாக, விபத்தின் சுமை முழுவதையும் ஆலை சுமப்பதில்லை. ஆங்கிலப் பொருளியலறிஞர் பிகு நூறாண்டுக்கு முன் விளக்கிய 'புற விளைவு' இதுதான். விசாகப்பட்டினத்தில் இறந்தவர்கள் பெரும்பாலும் ஆலையைச் சுற்றி வாழ்ந்த மக்கள். அவர்களின் குடும்பங்களுக்குத் தலா ஒரு கோடி ரூபாய் என்று உடனடியாக அறிவித்தது மாநில அரசு. போபாலுக்குப் பிறகு 1991-இல் கொண்டுவரப்பட்ட பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் உயிரிழப்புக்கு நிர்ணயித்த உடனடி நிவாரணம் 25,000 ரூபாய். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தொகை மாறாமலேயே இருந்தது. அபாயகரமான தொழிலை நடத்துபவர் விபத்துக்கு முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று தில்லி ஓலியம் கசிவு வழக்கில் உச்சநீதிமன்றம் 1986-இலேயே தீர்ப்பளித்தது உண்மை. ஆனால், அந்தப் பொறுப்பு ஆண்டுக் கணக்கில் வழக்காடிய பிறகே ரூபாயாக மாறுகிறது. தொலைவில் உள்ள தண்டனை இன்றைய சிக்கனத்தைத் தடுப்பதில்லை.

இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. வரைபடத்தில் இல்லாதது பல ஆலைகளில் மனிதர்களின் நினைவில் இருந்தது. 'அந்த வால்வு எதிர்ப்பக்கம் திறக்கும்', 'இந்தக் குழாய் இப்போது எங்கேயும் போகவில்லை' என்பதெல்லாம் இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே பகுதியில் பணியாற்றிய இயக்குநர்களுக்கு அத்துப்படி. 1960-களிலும் 1970-களிலும் எழுந்த பொதுத் துறை, தனியார் ஆலைகளில் சேர்ந்த முதல் தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது. இரண்டாம் தலைமுறையும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அவர்கள் இடத்தில் இன்று களத்தில் நிற்பவர்களில் பெரும் பகுதியினர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இந்த ஆலையில் ஆறு மாதம், அடுத்த ஆலையில் ஆறு மாதம் என்று நகர்பவர்களிடம் நினைவு சேர்வதில்லை. நினைவு போய்விட்ட இடத்தில் ஏடும் பொய்யாக இருந்தால், ஆலை கண்ணைக் கட்டிக்கொண்டு இயங்குகிறது என்றே பொருள்.

சிக்கனம் என்ற பெயரில் நடப்பது உண்மையில் சிக்கனமும் அன்று. அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, கட்டடங்கள், தொழிற்கூடங்கள் போன்ற பெரும் கட்டுமானங்களின் தகவல்கள் ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கும், ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கும் ஒழுங்காகச் சென்று சேராததால் 2002-ஆம் ஆண்டில் மட்டும் ஏற்பட்ட கூடுதல் செலவு 1,580 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்தவர்கள் அவற்றின் உரிமையாளர்களும் அவற்றை இயக்குபவர்களும்தான். விபத்து எதுவும் நேராத நாளிலும், தேடுவதிலும் மீண்டும் அளப்பதிலும் தவறான உதிரி பாகத்தை வாங்குவதிலும் பணம் கரைந்துகொண்டே இருக்கிறது.

கொதிகலனுக்குக் கிடைத்த மரியாதை

சந்தை தானாகச் சரிசெய்யாத இடத்தில் சட்டம் தலையிட வேண்டும். அதற்கு நம் நாட்டிலேயே நூறாண்டு பழைய முன்னுதாரணம் உண்டு. கொதிகலன்கள் வெடித்து உயிர்களைப் பலிகொண்ட காலத்தில் வந்தது 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன்கள் சட்டம். பதிவு பெற்ற கொதிகலனில் தலைமை ஆய்வாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இன்றி எந்தக் கட்டமைப்பு மாற்றமும் செய்யக் கூடாது. அதோடு இணைந்த நீராவிக் குழாயில் மாற்றம் செய்வதாயினும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. அந்தச் சட்டத்தின் இடத்தை இப்போது 2025-ஆம் ஆண்டின் புதிய கொதிகலன்கள் சட்டம் எடுத்துக்கொண்டுள்ளது.

நீராவி செல்லும் குழாய்க்குக் கிடைத்த இந்த மரியாதை, நச்சு வாயுவும் எரிதிரவமும் செல்லும் குழாய்களுக்குக் கிடைக்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொழிற்சாலையை விரிவாக்க முன் அனுமதி கேட்டது. ஆனால் அதே பிரிவின் விளக்கம், இயந்திரத்தை மாற்றுவதையோ வரம்புக்குள் சேர்ப்பதையோ, சுற்றியுள்ள இடைவெளி குறையாமலும் தீங்கான ஆவி, புகை வெளிப்படாமலும் இருக்கும்வரை, விரிவாக்கமாகக் கருதத் தேவையில்லை என்றது. சட்டம் எழுதப்பட்ட காலத்தில் 'வரைபடம்' என்றால் கட்டடத்தின் வரைபடம் என்றே கொள்ளப்பட்டது. குழாய்க்குள் என்ன மாறுகிறது என்பது அதன் பார்வைக்கு வெளியே இருந்தது. போபாலுக்குப் பிறகு 1987-இல் சேர்க்கப்பட்ட பிரிவுகள், நச்சுப் பொருள்களோடு பணியாற்றும் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளைத் துல்லியமாகவும் நாளது தேதி வரையிலும் பேண வேண்டும் என்று சொன்னது நல்ல செய்தி. தொழிலாளியின் உடலுக்குக் கேட்ட அந்தத் துல்லியத்தை ஆலையின் உடலுக்கும் அதே அழுத்தத்தோடு கேட்டிருக்க வேண்டும்.

அபாயகரமான வேதிப்பொருள்கள் தொடர்பான 1989-ஆம் ஆண்டு விதிகள் ஓரளவு இந்த இடைவெளியை நிரப்புகின்றன. பாதுகாப்பு அறிக்கை அளித்த ஆலை, அந்த அறிக்கையை 'முக்கியமாகப் பாதிக்கக்கூடிய' மாற்றத்தைச் செய்யும் முன் மறு அறிக்கை அளிக்க வேண்டும். ஆனால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேதிப்பொருள் வைத்திருக்கும் ஆலைகளுக்கே பாதுகாப்பு அறிக்கை கட்டாயம். எந்த மாற்றம் முக்கியமானது என்பதை முதலில் தீர்மானிப்பவரும் ஆலை உரிமையாளரே. அமெரிக்காவில் 1992 முதல் நடைமுறையில் உள்ள செயல்முறைப் பாதுகாப்பு விதியோ, குழாய்-கருவி வரைபடத்தை ஆலையின் கட்டாய ஆவணமாகவே குறிப்பிடுகிறது. மாற்றம் செய்யும் முன் அதை ஆராய வேண்டும், அதற்கேற்பப் பாதுகாப்புத் தகவல்களைத் திருத்தவும் வேண்டும் என்கிறது.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தரும் கணக்கின்படி, பெரும் விபத்து அபாயம் உள்ள தொழிற்கூடங்கள் நாட்டில் 1,861. அவை 301 மாவட்டங்களில் பரவியிருக்கின்றன. எண்ணிலடங்காத சிறு, நடுத்தர அலகுகள் இந்தக் கணக்குக்கு வெளியே உள்ளன. சட்டம் இருந்தால் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. கடுமையான கொதிகலன் சட்டம் இருந்தும், விசாகப்பட்டினத்தில் கசிவு நேர்ந்த அதே 2020 மே 7-ஆம் தேதியும், மீண்டும் ஜூலை 1-ஆம் தேதியும் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தின் கொதிகலன் பகுதிகளில் விபத்து நேர்ந்து தொழிலாளர்களைப் பறிகொடுத்தோம். சட்டம் இருந்தும் போதாத இடத்தில், சட்டமே இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதுதான் கவலை.

கணினிக்குள் போகும் முன்

இப்போது நம்பிக்கை தரும் பகுதிக்கு வருவோம். ஆலை வரைபடங்களைப் புதுப்பிக்கும் தொழில்நுட்பம் முன் எப்போதும் இல்லாத அளவுக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. முக்காலியில் நிற்கும் ஒரு லேசர் வருடி, ஒரு நொடியில் லட்சக்கணக்கான புள்ளிகளை அளந்து, ஆலையின் முப்பரிமாண உருவத்தைச் சில நாள்களில் உருவாக்கித் தருகிறது. பழைய தாள் வரைபடத்தில் உள்ள வால்வு, எக்கி, அளவுமானி ஆகியவற்றின் குறியீடுகளைக் கணினியே அடையாளம் கண்டு பட்டியலிடும் மென்பொருள்கள் வந்துவிட்டன.

ஆனால், இங்கேதான் விழிப்பு தேவை. 'எண்மமயமாக்கிவிட்டோம்' என்று சொல்வதில் மூன்று படிகள் உண்டு. தாளைப் படமெடுத்துக் கணினியில் சேமிப்பது முதல் படி. அது வெறும் புகைப்படம். அதைக் கணினி வரைபடமாக மீண்டும் வரைவது இரண்டாம் படி. அது அழகான கோடுகளின் தொகுப்பு. ஒவ்வொரு வால்வும் தனக்கென ஓர் அடையாள எண்ணோடு, அதன் உலோகம், தயாரிப்பாளர், கடைசியாகச் சோதித்த தேதி, குழாய்ச் சுவரின் இப்போதைய தடிமன் ஆகிய தகவல்களோடு இணைந்த தரவாக மாறுவது மூன்றாம் படி. பயன் மூன்றாம் படியில்தான் இருக்கிறது. பல நிறுவனங்கள் முதல் படியிலேயே விழா எடுத்துவிடுகின்றன.

இந்த மூன்று படிகளுக்கும் முன்னால் பூச்சியமாம் படி ஒன்று உண்டு. வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயையும் தொடக்கம் முதல் முடிவு வரை நடந்து பார்த்து ஒப்பிடுவதே அது. இதைத் தவிர்த்துவிட்டு பழைய தாளைக் கணினிக்குள் ஏற்றினால், பழைய பிழைக்குப் புதிய மதிப்பு கிடைத்துவிடும். தாளில் இருந்தபோது ஐயத்தோடு பார்க்கப்பட்ட கோடு, திரையில் வண்ணத்தில் ஒளிரும்போது உண்மையாகிவிடுகிறது. நில ஆவணங்களைக் கணினிமயமாக்கியபோது பதிவேட்டுப் பிழைகளும் கணினிக்குள் குடியேறி, பட்டாவில் திருத்தம் செய்ய அரசு சிறப்பு முகாம்களை நடத்த வேண்டிவந்ததை நாம் அறிவோம். திருத்த முகாம் நடத்தி நிலத்தை மீட்கலாம். உயிரை மீட்க முடியாது.

லேசர் வருடியாலும் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. வெப்பக் காப்புறைக்குள் உள்ள குழாயின் அரிப்பு, மண்ணுக்கடியில் செல்லும் குழாய், குழாய்க்குள் ஓடும் திரவம் எது என்பன அதன் கண்ணுக்குப் புலப்படா. அவற்றை அறிய இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, முறையான சோதனை. மற்றொன்று, அந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் நின்ற மனிதரின் நாவு. எனவே, ஓய்வு பெறப்போகும் மூத்த தொழிலாளர்களை அழைத்து, அவர்களோடு ஆலையைச் சுற்றிவந்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வது இந்தப் பணியின் பகுதியாக இருக்க வேண்டும். எந்த மென்பொருளைவிடவும் செலவு குறைந்த, பயன் மிகுந்த முதலீடு அது.

செய்ய வேண்டியவை

தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய தொழிற்சாலைகள் சட்டம் அதற்குள் அடங்கிவிட்டது. சட்டத்தின் உயிர் விதிகளில் இருக்கிறது. பழைய சட்டத்தின் இடைவெளியைப் புதிய விதிகளுக்குள்ளும் கொண்டுசெல்லாமல் இருக்க, சிலவற்றை வலியுறுத்தலாம்.

அபாயகரமான ஆலைகள் அனைத்துக்கும், களத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட குழாய்-கருவி வரைபடம் கட்டாயமாக வேண்டும். ஒரே நாளில் முழு ஆலையையும் முடிக்க இயலாது என்பது உண்மை. எனவே, நச்சு வாயு, எரிதிரவம், உயரழுத்தம் ஆகியவை உள்ள பகுதிகள், அழுத்தம் தணிக்கும் அமைப்புகள், தீயணைப்பு நீர்க் குழாய்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பராமரிப்பு நிறுத்தத்தின்போதும் ஒரு பகுதி என்று சில ஆண்டுகளில் நிறைவு செய்யக் காலவரையறை வகுக்கலாம்.

மாற்றம் செய்யப்பட்ட பகுதி, வரைபடம் திருத்தப்படும்வரை மீண்டும் இயங்கத் தொடங்கக் கூடாது. நடைமுறையில் மிகக் கடினமான விதி இதுவே. மிகவும் பயனுள்ளதும் இதுவே. உற்பத்தி காத்திருக்கும்போதுதான் ஏடு திருத்தப்படும். உற்பத்தி தொடங்கிவிட்டால் எந்த ஏடும் திருத்தப்படுவதில்லை.

ஆலையின் தலைமைப் பொறுப்பில் உள்ளவர், வரைபடங்கள் களத்தோடு ஒத்துள்ளன என்று ஆண்டுதோறும் கையொப்பமிட்டுச் சான்றளிக்க வேண்டும். நிதிநிலை அறிக்கைக்கு இயக்குநர்கள் கையொப்பமிடுவதைப் போன்றதே இதுவும். ஆய்வாளர்கள் எல்லா வால்வுகளையும் பார்க்க வேண்டியதில்லை. எழுந்தமானமாகப் பத்துக் குழாய்களைத் தேர்ந்து பார்த்தாலே அந்தச் சான்றின் தரம் விளங்கிவிடும். அந்த ஆவணங்களின் ஒரு படி ஆலைக்கு வெளியேயும் இருக்க வேண்டும். தீப்பற்றி எரியும் கட்டடத்துக்குள் உள்ள கணினியால் தீயணைப்புத் துறைக்குப் பயனில்லை.

சிறு, நடுத்தர ஆலைகளுக்கு இந்தச் செலவு சுமைதான் என்பதை மறுக்க முடியாது. மணலி, கடலூர், ராணிப்பேட்டை போன்ற தொழிற்பேட்டைகளில் லேசர் வருடியும் மென்பொருளும் கொண்ட பொது வசதி மையங்களை அரசு அமைக்கலாம். நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் வரைவாளர் பயிற்சி முடித்தவர்களும், பல்தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களும் வேலை தேடி அலையும் மாநிலம் இது. களத்தில் நடந்து சரிபார்க்கும் பணிக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

தரவு எவருடையது என்பதிலும் தெளிவு தேவை. ஒரே மென்பொருள் நிறுவனத்தின் தனி வடிவத்தில் ஆலையின் அறிவு முழுவதும் பூட்டப்பட்டால், நாளை அந்த நிறுவனம் கேட்கும் விலையே விலை. ஐஎஸ்ஓ 15926 போன்ற பொதுத் தரநிலைகளில் தரவைத் திருப்பித் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பொதுத் துறை நிறுவனங்கள் இதில் முன்மாதிரியாக இருக்கலாம்.

இவை அனைத்துக்கும் மேலாக, வரைபடம் பொறியாளரின் அறையிலேயே முடங்கிவிடக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளி தான் தொடும் குழாயில் என்ன ஓடுகிறது என்பதை அறியும் உரிமை உள்ளவர். ஒவ்வொரு பகுதியிலும் எளிய வரைபடம் தமிழிலும், வடமாநிலத் தொழிலாளர்கள் மிகுந்த ஆலைகளில் அவர்கள் மொழியிலும் வைக்கப்பட வேண்டும். வரைபடத்தில் உள்ள எண்ணும் வால்வில் தொங்கும் தகட்டின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். களத்துக்கும் தாளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை முதலில் காண்பவர் அவரே. அதைச் சொன்னால் வேலை போகாது என்ற உறுதியும் அவருக்கு வேண்டும்.

எந்த ஆலையும் தன் முதுமையால் மட்டும் ஆபத்தானதாகிவிடுவதில்லை. தன்னைப் பற்றிய உண்மையை மறந்துவிட்ட ஆலையே ஆபத்தானது. எண்ம இரட்டையும் செயற்கை நுண்ணறிவும் வரட்டும். அவற்றுக்கான முதலீடும் பெருகட்டும். அவற்றுக்கெல்லாம் அடித்தளமாக, நள்ளிரவுப் பணியில் அபாய மணி ஒலிக்கும்போது ஒரு வால்வைத் தேடி ஓடும் தொழிலாளிக்கு, அந்த வால்வு தாளில் காட்டிய இடத்திலேயே இருக்க வேண்டும். அதை உறுதி செய்வது உரிமையாளரின் கருணை அன்று, கடமை. அந்தக் கடமையை விதியாக எழுத வேண்டியது அரசின் பொறுப்பு.